கிணற்று ஜலத்தின் உலோக விஷமும் இரும்பேற்றிய உமிக்கரியும்

துவாக்குடி போன்று தொழிற்பேட்டைகளை அடுத்த கிராமங்களில், பார்வைக்குத் தெளிந்த ஜலத்திலும் உலோக விஷம் கலந்திருக்கக்கூடும். காய்ச்சினாலும் அது நீங்காது. 1995-ல் மூடப்பட்ட ராணிப்பேட்டைக் குரோமேட் தொழிற்சாலையின் கழிவுக் குவியலிலிருந்து குரோமியம் நிலத்தடி ஜலத்திற் கலந்தமை நமக்கு ஓர் எச்சரிக்கையாகும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

நெல் உமியைக் காற்றுப் புகாவண்ணம் சுட்டுக் கரியாக்கி, இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து மீண்டும் சுட்டால், அதன் நுண்துளைகளில் இரும்புத் துரு படிகின்றது. அத்துரு ஆர்சனிக், குரோமியம் முதலியவற்றைப் பற்றிக்கொள்ளும். ஜலத்தின் உப்பையும் காரத்தையும் ஒட்டிப் பலன் வேறுபடுமாதலால், வடிகட்டுமுன்னும் பின்னும் ஜலத்தைப் பரீட்சிப்பித்தல் அவசியம்.

விஷமேறிய கரியை உரமென்றெண்ணி வயலிலிடுதல் பெருந்தவறு. நீக்கிய விஷத்தை நாமே மண்ணுக்குத் திருப்பியளித்ததாகும். கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு நன்கு விளக்கி, அக்கரியைத் தனியே சேர்த்து வைக்கச் செய்வார்களாக.