தொடக்கநிலைத் தமிழ் எழுத்துக் கற்றலில் கலப்பு முறை: எண்ணும் எழுத்தும் திட்டத்தை முன்வைத்து

முன்னுரை

ஆசிரியரின் நேரடிக் கற்பித்தலையும் மின்னணு வழிக் கற்றலையும் திட்டமிட்டு இணைப்பதே கலப்பு முறைக் கற்றல் ஆகும். வகுப்பறையில் திரை இருப்பதனால் மட்டும் அது நிகழ்ந்துவிடாது. எதனை ஆசிரியர் கற்பிப்பது, எதனைத் திரை வழியாகப் பயிற்றுவது என்னும் பகுப்பே அதன் அடிப்படை. அப்பகுப்பினை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழகப் பின்புலம்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அட்டைகளின் துணையுடன் குழந்தை தன் வேகத்தில் கற்க வழிசெய்தது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்கள் கியூஆர் குறியீட்டின் வழியாக மின்பாடங்களுடன் இணைக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்துக் கற்றல் இடைவெளியைக் குறைக்க 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பெற்றது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025ஆம் ஆண்டிற்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. இதில் மாணவர்கள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுக்கப்பட்டனர். செயலி வழியாகவும் மதிப்பிடப்பட்டனர்.

பகுப்பின் தேவை

'கொ' என்னும் எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ஒலிப்பிலோ மெய்யே முந்துகிறது. கண் காணும் வரிசைக்கும் செவி கேட்கும் வரிசைக்கும் உள்ள இம்முரண் தொடக்கநிலைக் குழந்தையைத் தடுமாறச் செய்யும். க், ஒ ஆகியவை இணைவதை அசைவுப்படமாகக் காட்டுவதும், குழந்தை வேண்டும் அளவிற்குத் திரும்ப ஒலிப்பதும் திரைக்கு எளிது. ல, ள, ழ வேறுபாட்டைக் கேட்டுணரவும் ஒலிப்பதிவு துணைபுரியும். ஆனால், குழந்தையின் நா எங்குப் பிறழ்கிறது எனக் கண்டு திருத்துதல் ஆசிரியர் பணி. வரிவடிவப் பயிற்சியும் மணலிலும் பலகையிலும் தாளிலும் கைப்பட நிகழவேண்டும்.

பெருங்குடிச் சூழல்

2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த பெருங்குடி, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த பகுதி. எனினும், நிறுவனங்களின் அண்மை குழந்தையின் கையில் கருவி உண்டு என்பதற்குச் சான்றாகாது. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையுடனோ தாயுடனோ வேலைக்குச் சென்றுவிடும் குடும்பங்களில், திரைவழி வீட்டுப்பாடம் குழந்தையின் திறனை அளப்பதில்லை. குடும்பத்தின் வசதியையே அளக்கிறது. ஆகவே, திரைவழிப் பயிற்சி பள்ளி நேரத்திற்குள் அமைதல் வேண்டும். கேட்ட கதையை வீட்டாரிடம் திரும்பச் சொல்லுதல், வழியில் காணும் பெயர்ப்பலகைகளைப் படித்தல் போன்றவை வீட்டுப் பணிகளாகலாம்.

முடிவுரை

செயலி தரும் மதிப்பீடு, மறுநாள் எக்குழந்தைக்கு எதனை மீண்டும் கற்பிப்பது என்னும் முடிவிற்கு உதவும்போதே பயனுடையதாகும். தரவுப் பதிவு கற்பிக்கும் நேரத்தைக் கவர்ந்துகொள்ளின் கலப்பு முறையின் நோக்கமே சிதையும். எனவே, கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு இம்முறையை மதிப்பிடலாகாது; அவற்றால் ஆசிரியர் தனித்தனிக் குழந்தைக்கு ஒதுக்க இயன்ற நேரமே அதன் உரைகல் எனலாம்.