தோட்டத்து நாயைக் குட்டியிலேயே பழக்குங்கள்: பட்டிக்கும் வீட்டுக்கும் அதுதான் காவல்

எரியோடு, வேடசந்தூர், வடமதுரை பக்கம் தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களிடம் மோட்டார் இருக்கிறதோ இல்லையோ, ஒரு நாய் இருக்கும். இரவு மூன்று மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குக் கிளம்பினால், முன்னால் ஓடுவது அதுதான். வரப்பில் பாம்பு கிடந்தால் நமக்கு முன்பே அதற்குத் தெரியும். கடலைக் காட்டில் பன்றி இறங்கினாலும், பட்டிப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தாலும் குரைப்பு வேறு வேறு மாதிரி இருக்கும். பழகிய காதுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

மாட்டுக்குத் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து என்று தேதி பார்த்துச் செய்யும் நாம், நாய்க்கு மட்டும் மிஞ்சிய சோற்றை வைத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். அதன் விளைவு நாயோடு நிற்பதில்லை. ஆட்டுக்கும், மாட்டுக்கும், வீட்டுக் குழந்தைக்கும் வந்து சேர்கிறது.

எந்தக் குட்டி வாங்கலாம்?

நம் மாநிலத்து இனங்களே நம் வெயிலுக்குத் தாங்கும். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், தென்மாவட்டக் கரிசல் காடுகளில் முயலுக்கு ஓடிய சிப்பிப்பாறை, கன்னி, பக்கத்துத் தேனி மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கிய கோம்பை ஆகிய நான்கும் பெயர் பெற்றவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் வெறும் காவலுக்குத்தான் நாய் வேண்டும் என்றால் இத்தனை தேட வேண்டியதில்லை. உங்கள் ஊரில் நல்ல குணமுள்ள நாட்டு நாய் போட்ட குட்டியே போதும். காவலுக்கு முக்கியம் இனத்தைவிட வளர்ப்பு என்பதுதான் என் எண்ணம்.

ஆட்டுப் பட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடும் பிராணியைத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. அவற்றை ஆட்டுக்குட்டிகளோடு பழக்கலாம், ஆனால் பொறுமை கூடுதலாக வேண்டும். முழு வெள்ளையான ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பதுண்டு. வாங்கும் முன், குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் இன்னொரு முறை தட்டுங்கள். அப்போதும் திரும்பாத குட்டியைக் காவலுக்கு வாங்காதீர்கள்.

கண் திறந்த உடனே தாயிடமிருந்து பிரித்துத் தூக்கி வருவது கெட்ட பழக்கம். எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க விடுங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி அங்கேதான் கற்கிறது. சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டி பெரிதானதும் விளையாட்டாகவே பல்லை அழுத்தும்.

ஆட்டோடும் கோழியோடும் பழக்குவது

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதைத் தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். ஆடு, கோழி, கன்றுக்குட்டி, சைக்கிளில் வரும் பிள்ளைகள், பால்காரர், தண்ணீர் பாய்ச்ச வரும் ஆள் எல்லோரையும் அந்த நாட்களில் காட்டிவிட வேண்டும். ஆறு மாதம் வரை மூலையில் கட்டி வைத்துவிட்டு, பிறகு பட்டியில் அவிழ்த்துவிட்டு, "இது ஆட்டைக் கடிக்கிறதே" என்றால் குற்றம் நாயுடையது இல்லை.

கோழியைத் துரத்தும் குட்டிதான் நிறைய வீடுகளில் முதல் தலைவலி. பத்தடிக் கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டையில் கட்டி, மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொண்டு கோழி மேயும் இடத்தில் உட்காருங்கள். குட்டி பாயத் தொடங்கும் அந்த நொடியிலேயே "வேணாம்" என்று ஒரே சொல், கயிற்றில் ஒரு பிடிப்பு. அது திரும்பி உங்களைப் பார்த்ததும் வேகவைத்த முட்டையில் ஒரு துணுக்கு கொடுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். பெரும்பாலான குட்டிகள் சில வாரங்களில் கோழியைக் கண்டால் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இதில் நாம் செய்யும் பெரிய தவறு, நேரம் கடந்து அடிப்பது. செத்த கோழியை அதன் முகத்தில் தேய்த்து, கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, கம்பால் அடிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் செய்ததற்காக இந்த அடி என்று நாய்க்குப் புரியாது. கம்பு வைத்த மனிதன் ஆபத்தானவன் என்பது மட்டும்தான் புரியும். அப்படி வளர்ந்த நாய் ஒருநாள் கம்போடு வரும் மாடு மேய்க்கும் பெரியவரைக் கடித்துவிடும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். நீங்கள் "வா" என்றும், அம்மா "இங்க வாடா" என்றும், பையன் விசில் அடித்தும் கூப்பிட்டால் அது மூவருக்குமே வராது. "வா", "இரு", "வேணாம்" இந்த மூன்றும் நன்றாகப் பதிந்தாலே தோட்டத்து நாய்க்குப் போதும். கூப்பிட்டதும் வந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் அடிக்காதீர்கள். ஒருமுறை அடி வாங்கினால் மறுமுறை கூப்பிடும்போது அது யோசிக்கும்.

இரவில் அவிழ்த்துவிட்ட நாய் எங்கே போகிறது?

காங்கேயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் நாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் குதறியதையும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு இழப்பீடு கேட்டுப் போராடியதையும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இதற்குத் தெருநாய்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் இரவில் நாம் அவிழ்த்துவிடும் நாயும் அந்தக் கூட்டத்தில் சேரும் என்பதை மறந்துவிடுகிறோம். பகலில் நம் ஆட்டுக்குட்டியோடு ஒட்டிப் படுத்திருக்கும் நாய், ராத்திரி நாலு நாயோடு சேர்ந்தால் அடுத்த தோட்டத்துப் பட்டியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். விடியும் முன் திரும்பி வந்து வாலாட்டும். அதன் வாயோரத்தையும் மார்பையும் என்றைக்காவது காலையில் பாருங்கள்.

ஆகவே வேலிக்குள் மட்டும் சுற்றும்படி அவிழ்த்துவிடுங்கள். வேலி இல்லையென்றால் பட்டியை ஒட்டி இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டுச் சங்கிலியை மாட்டினால் நாய் கம்பியின் நீளத்துக்கு ஓடி வரும். பகல் முழுக்க இரண்டடிச் சங்கிலியில் கட்டிய நாய் வெறி பிடித்த மாதிரி குரைக்கும், கடிக்கும். நிழலும் தண்ணீரும் இல்லாமல் கட்டினால் சித்திரை வெயிலில் செத்தே போகும். நம்மைப் போல உடம்பு முழுவதும் வேர்த்துச் சூட்டைத் தணிக்க நாயால் முடியாது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் தணிக்கும்.

ஊர் சுற்றும் ஆண் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்தால் அலைச்சலும் சண்டையும் குறையும். பெண் நாய்க்குச் செய்தால் வருடந்தோறும் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சாலையோரம் விடும் பாவம் மிச்சம். அப்படி விடப்படும் குட்டிகள்தான் இரண்டு வருடம் கழித்து நம் பட்டிக்கே கூட்டமாக வருகின்றன. நாயின் பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டி, காலிஃபிளவர் மாதிரிக் கட்டி தெரிந்தால் அது இணைசேரும்போது பரவும் ஒருவகைப் புற்று. ஊசி மருந்தால் பெரும்பாலும் குணமாகும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அய்யலூர், கடவூர் காட்டோரம் தோட்டம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2022-ல் அங்கே தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போவது 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். மரம் விட்டு மரம் போகத் தரையில் இறங்கும் தேவாங்கு நாயிடமிருந்து தப்ப முடியாது.

தட்டில் என்ன வைக்கலாம்?

சோறு, கம்பங்களி, கேழ்வரகுக் களி எல்லாம் நல்லதுதான். அதோடு முட்டை, கருவாடு இல்லாத மீன், வேகவைத்த கோழிக்கழிவு என்று ஏதாவது வாரத்தில் சில நாளாவது சேர வேண்டும். குட்டிக்குத் தட்டு நிறையப் பசும்பால் ஊற்றினால் கழியும். தயிர்ச்சோறு அதற்கு ஒத்துக்கொள்ளும்.

சின்ன வெங்காயம் விளையும் மாவட்டம் நம்முடையது, குழம்பில் வெங்காயம் இல்லாத நாள் கிடையாது. ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தினமும் மிஞ்சிய குழம்பை ஊற்றினால் நாய் சோகை பிடித்து மெலியும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். எலி மருந்தும் குருணை மருந்தும் வைக்கும் நாளில் நாயைக் கட்டிப்போடுங்கள். விஷம் தின்று செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான்.

ஆடு வட்டமடித்தால் நாயைப் பாருங்கள்

செம்மறி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுக் கருப்பு என்பார்கள். பல சமயம் காரணம் நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழு. நாயின் மலத்தோடு முட்டை மேய்ச்சல் தரையில் விழுகிறது, புல்லோடு ஆட்டுக்குள் போகிறது, மூளையில் நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஆட்டின் தலையை அறுத்துப் பச்சையாக நாய்க்குப் போட்டால் புழு மறுபடி நாய்க்கே வருகிறது. இந்தச் சுற்றை உடைக்க இரண்டே வேலை. ஆட்டுத் தலையையும் கழிவையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள், புதைத்துவிடுங்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவையும் கொல்லும் மருந்து (பிரசிகுவான்டெல் சேர்ந்தது) கொடுங்கள். எடை பார்த்து அளவு சொல்வது மருத்துவர் வேலை. உண்ணிக்கும் அப்படித்தான், மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய் மேல் ஊற்றாதீர்கள்.

வெறிநோய்: கையை வாய்க்குள் விடாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வெறிநாய் என்றால் எல்லோரையும் துரத்திக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். அப்படி இல்லாமல் சாதுவாக மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் வெறிநோயும் உண்டு. கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறும், தண்ணீரை விழுங்க முடியாது. பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே இருக்கும். பாசத்தோடு வாயைத் திறந்து விரலை விடுவார்கள். மாட்டுக்கு வெறிநோய் வந்தாலும் இதே கதைதான். எச்சில் வடித்து, அடித்தொண்டையில் கத்தி, தீவனம் எடுக்காமல் நிற்கும். கிழங்கு அடைத்துக்கொண்டது என்று கை விடுவோம். விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் எச்சில் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். நோய்க்குறி தெரிந்த பிறகு மனிதனையோ மாட்டையோ காப்பாற்றும் மருந்து இல்லை. எச்சில் ஒழுகும் எந்தக் கால்நடைக்கும், கால்நடை மருத்துவர் வரும் வரை வாயில் கை வைக்காதீர்கள். அந்த மாட்டின் பாலையும் எடுக்காதீர்கள்.

நாய் கடித்தால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மோட்டார் ஓடினால் பைப்புக்கு அடியிலேயே காயத்தைக் காட்டுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் கடித்த நாள், 3, 7, 28-ம் நாள் என்று நான்கு தவணை, இலவசம். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், அதற்குப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், தட்டாமல் போங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதற்காக ஊசியைப் பத்து நாள் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு தவணை போட்டதும் காயம் ஆறிவிட்டதே என்று நிறுத்துபவர்கள் நம் ஊர்களில் நிறைய. காயம் ஆறுவதற்கும் இந்தக் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை.

ஆட்டையோ மாட்டையோ சந்தேகப்படும் நாய் கடித்தால் அதற்கும் இதே மாதிரி கழுவி, கால்நடை மருந்தகத்தில் தொடர் ஊசி போட வேண்டும்.

நாய்க்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், ஒரு மாதம் கழித்து மறுபடியும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு முன்பே, ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசி தொடங்க வேண்டும். ரத்தக் கழிச்சலில் குட்டிகள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் பார்வோவால்தான். இந்த ஊசிகள் முடியும் வரை குட்டியைச் சந்தைக்கோ பேருந்து நிலையத்துக்கோ தூக்கிப் போகாதீர்கள்.

உலக விலங்குவழி நோய்கள் நாளான ஜூலை 6-லும், உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-லும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம் நடத்துவது வழக்கம். பக்கத்து மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நாயைக் கயிற்றில் நடத்திக் கூட்டிப்போகும் பழக்கம் குட்டியிலேயே இருந்தால் அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. போட்ட தேதியைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு மட்டும்தான் எந்த வீட்டிலும் தொலைவதில்லை.