தொடாமற்போன தளம்

கிரிக்கெட் பந்தயம் ஒன்றில் வெற்றிக்கு ஒரே ஒரு ரன் தேவை என்று வைத்துக்கொள்வோம். பந்தை அடித்தவர் ஓடி எதிர்முனையை அடைந்துவிட்டார். அவருடைய கூட்டாளியோ, ஜயித்துவிட்டோம் என்ற களிப்பில், பாதி வழியிலேயே பெவிலியனுக்குத் திரும்பிவிட்டார். எதிர்க்கட்சியினர் பந்தை எடுத்து விக்கெட்டைத் தட்டினால் என்ன ஆகும்? அந்த ரன் ரன்னே அல்ல! அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் 1908-ஆம் ஆண்டு ஏறக்குறைய இதுதான் நடந்தது.

அந்த ஆட்டத்தின் விதியைச் சற்றுச் சொல்லிவிட வேண்டும். அடித்தவர் மூன்று தளங்களையும் வரிசையாகத் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூவர் அவுட்டானால் கட்சி மாறும். கட்சிக்கு ஒன்பது முறை. ஒரு தளத்தில் ஒருவருக்குத்தான் இடம் உண்டு. ஆகவே, பின்னால் ஒருவர் அடித்துவிட்டு ஓடி வரும்போது, முதல் தளத்தில் நிற்பவர் இரண்டாம் தளத்துக்கு ஓடியே தீரவேண்டும். அவருக்கு முன்பே பந்து அங்கே சேர்ந்தால் அவர் அவுட். அது மூன்றாவது அவுட்டாக இருந்தால், இடையே இன்னொருவர் சுற்றி வந்து எடுத்த ரன்னும் கணக்கில் சேராது.

செப்டம்பர் 23. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ் கட்சியும், கீரியும் பாம்பும் போல் அதனோடு மோதிவந்த சிகாகோ கப்ஸ் கட்சியும் பொருதின. ஒன்பதாம் முறையின் முடிவில் ஆளுக்கு ஒரு ரன். ஜயண்ட்ஸில் இருவர் அவுட். மூன்றாம் தளத்தில் மக்கார்மிக். முதல் தளத்தில் பத்தொன்பதே வயதான பிரெட் மெர்க்கிள். வழக்கமாக ஆடும் டென்னிக்கு முதுகுவலி என்பதால் அன்று அவருக்கு இடம் கிடைத்திருந்தது. பிரிட்வெல் அடித்தார், பந்து நடுமைதானத்துக்குப் பறந்தது, மக்கார்மிக் ஓடி வந்து சேர்ந்தார். வெற்றி! ஜனங்கள் திமுதிமுவென்று மைதானத்துக்குள் இறங்கினார்கள். மெர்க்கிள் இரண்டாம் தளத்தைத் தொடாமலே உடைமாற்றும் கூடத்தை நோக்கி ஓடினார். அக்காலத்தில் எல்லாரும் செய்ததுதான் இது.

கப்ஸ் ஆட்டக்காரர் ஜானி ஈவர்ஸ் மட்டும் பந்தைக் கேட்டுக் கூவினார். காரணம் உண்டு. பத்தொன்பது நாட்களுக்கு முன், செப்டம்பர் 4-இல், பிட்ஸ்பர்க்கில் இதே போன்ற சந்தர்ப்பத்தில் அவர்கள் முறையிட்டுத் தோற்றிருந்தார்கள். அன்று நடுவராக இருந்த ஹாங்க் ஓ’டேதான் இன்றும் நடுவர்! பந்தை ஜயண்ட்ஸின் மக்கினிட்டி இடைமறித்துக் கூட்டத்துக்குள் வீசிவிட்டார் என்பார்கள். ஈவர்ஸ் எப்படியோ ஒரு பந்துடன் தளத்தின் மேல் நின்றார். அது அதே பந்துதானா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. ஓ’டே, மெர்க்கிள் அவுட் என்றார். மைதானத்தில் ஜனக்கூட்டம், இருளும் சூழ்ந்தது. ஆட்டம் சமநிலை என்று முடிவாயிற்று. லீக் தலைவர் ஹாரி புல்லியமும் அதையே உறுதி செய்தார்.

சட்டப்படி நடுவர் செய்தது சரிதான். ஆனால் ஏட்டில் உறங்கிய விதியை எழுப்புவதற்கு ஒரு சிறுவன்தானா கிடைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பருவத்தின் முடிவில் இரு கட்சிகளும் 98 வெற்றி, 55 தோல்வி என்று சமமாக நின்றன. அக்டோபர் 8-இல் மீண்டும் ஆடியபோது கப்ஸ் 4–2 என்று வென்று, உலகத் தொடரையும் கைப்பற்றியது. (அதன்பின் அந்தக் கோப்பை அவர்களுக்குக் கிட்டியது 2016-இல்தான்!)

பழி முழுவதும் மெர்க்கிள் தலையில் விழுந்தது. ‘மண்டூகம்’ என்று பொருள்படும் பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. இந்த ஆட்டத்துக்குப்பின் பிலடெல்பியாவின் புதுமுகம் கோவலெஸ்கி ஐந்தே நாட்களில் ஜயண்ட்ஸை மூன்று முறை தோற்கடித்தாரே, அதை யாரும் பேசுவதில்லை. அந்த மூன்றில் ஒன்றை வென்றிருந்தாலும் மறு ஆட்டத்துக்கே அவசியம் இருந்திராது. மானேஜர் ஜான் மக்ரா மட்டும் இது புரிந்தவர், மெர்க்கிளைக் கைவிடவில்லை. மெர்க்கிள் பிறகு பல ஆண்டுகள் ஆடினார், சில காலம் அதே கப்ஸ் கட்சிக்காகவும். ஓய்வு பெற்றபின் நெடுங்காலம் பேஸ்பாலை விட்டு ஒதுங்கியே இருந்தவர், 1950-இல் பழைய ஆட்டக்காரர்கள் கூடிய விழாவுக்காகப் போலோ கிரவுண்ட்ஸுக்குத் திரும்பி வந்தார். கூட்டம் அவரைக் கரகோஷத்துடன் வரவேற்றது.