தட்டைப்பயறு: புறக்கடையில் விளைத்தலும் சமைத்தலும்

பேரிகை, சூளகிரி, ஓசூர்ப் பகுதிக் குடியானவர்களுக்குத் தட்டைப்பயறு புதியதன்று. காராமணி என்பதும், கன்னடத்தில் அலசந்தெ, தெலுங்கில் அலசந்தலு என்று வழங்குவதும் இதுவே. கேழ்வரகுக் கொல்லையில் அவரையைப்போல் ஊடுபயிராக நின்ற இப்பயற்றை, தக்காளியும் கோசும் பெருகிய இந்நாளில் கடையில் வாங்குவோர் பலர். புறக்கடையில் ஒரு சென்ட் நிலமிருப்பின் இச்செலவைக் குறைக்கலாம்.

விதைப்பு

இப்பயிர் உஷ்ணத்தை விரும்புவது. மார்கழி, தைக் குளிரில் முளைப்புக் குன்றும். ஆடி, ஆவணியில் மழையைக் கொண்டும், மாசி, பங்குனியில் கிணற்று நீரைக் கொண்டும் விதைக்கலாம். நீர் தேங்காத செம்மண் ஏற்றது. வரிசைக்கு வரிசை ஒன்றரையடியும் செடிக்குச் செடி அரையடியும் விட்டு, ஓரங்குல ஆழத்தில் ஊன்றவேண்டும். காவேரிப்பட்டணத்தையடுத்த பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் பையூர் 1 என்னும் இரகமும் உண்டு.

இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்ப்பனவாதலால், தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடலாகாது. இட்டால் கொடியே பெருகிக் காய் குறையும். அறுவடைக்குப்பின் செடியைப் பிடுங்காது, தண்டை மட்டும் அறுத்து மாட்டுக்கிட்டு, வேரை மண்ணிலேயே விடுக.

பூச்சிகள்

கொழுந்தில் எறும்பு ஊரக் காணின், அங்கே அசுவினி உளதா எனப் பார்க்கவேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம்.

அசுவினியினும் கொடியது பயறு வண்டு. கொல்லையிலேயே காயின்மேல் முட்டையிட்டு, மணியோடு வீடு வந்து சேரும்; ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளிப்படும். கவனியாத பானையில் மறு விதைப்புக்குள் துளைபட்ட தோலே மிஞ்சும். உணவோடு விதையும் போம். ஆகையால் கடித்தால் நறுக்கென்று உடையுமளவு மணியைக் காயவைத்து, பானையிலிட்டு, மேலே ஓரங்குலம் உலர்ந்த மணல் பரப்பி மூடுக. உணவுக்கான பயற்றில் கிலோவுக்கு ஐந்து முதல் பத்து மில்லி சமையலெண்ணெய் பிசறியும் வைக்கலாம். நோயற்ற செடிகளின் முதற் காய்களை விதைக்கென ஒதுக்குக.

சமையல்

பிஞ்சைப் பொரியலாகவும், பச்சை மணியைச் சாறாகவும் சமைக்கலாம். உலர்ந்த பயற்றை இரவில் ஊறவைத்து, நன்றாக வெந்தபின்னரே புளி சேர்க்கவேண்டும். முன்னரே சேர்த்தால் மணி எளிதில் வேகாது. நூறு கிராம் உலர்ந்த பயற்றில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் உண்டு. கேழ்வரகுப் புரதத்திற் குறைந்ததைப் பயறும், பயற்றிற் குறைந்ததைக் கேழ்வரகும் நிரப்புமாதலால், களியும் பயற்றுச் சாறும் சேர்ந்த ஊண் வளரும் பிள்ளைகளுக்கு மிகவும் உகந்தது.

கிராம அலுவலர்களும் ஊர்ப் பெரியோரும் தங்கள் வீட்டுப் புறக்கடையில் இதை முதலில் விளைத்து, அண்டை வீட்டாருக்கு ஒரு பிடி விதை அளிப்பாராயின், ஊர் முழுதும் பயன் பெறும்.