கல்யாண் துறைமுகமும் பாரசீகத்து பிஷப்பும்

நம் சங்கத்து அன்பர்களில் பாதிப் பேருக்குக் கல்யாண் என்றால் ஒரு ரயில்வே ஜங்ஷன், அவ்வளவுதான். ஊரிலிருந்து வருகிற மெயிலில் கர்ஜத் தாண்டியதுமே பெட்டிகளைக் கதவுப்பக்கம் நகர்த்த ஆரம்பிப்போம். போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16. கல்யாணுக்கு ரயில் வந்தது அடுத்த வருஷம், 1854 மே 1. ஊரின் கதையே அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று நானும் பல வருஷம் நினைத்திருந்தவன்தான். ஸ்டேஷன் பக்கம் பாத்திரக் கடை வைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் ஓடுகிற உல்லாஸ் நதியை ஒருநாளும் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

அந்த நதிதான் இந்த ஊருக்கு மூலதனம். கடலிலிருந்து கழிமுகம் வழியாக மரக்கலம் உள்ளே வரும். இங்கே இறக்கிய சரக்கு நாணேகாட் கணவாய் ஏறி ஜுன்னர் போய், அங்கிருந்து கோதாவரிக் கரையில் சாதவாகனர்களின் பைத்தான் நகரம் போய்ச் சேரும். நாணேகாட் உச்சியில் இன்றைக்கும் ஒரு பெரிய கல்தொட்டி நிற்கிறது. சுங்கக் காசு போடுவதற்கு வைத்தது என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். பக்கத்துக் குகையில் சாதவாகன அரசி நாகனிகாவின் கல்வெட்டு இருக்கிறது. கான்ஹேரி குகைகளுக்குப் போனவர்கள் அங்கேயும் கல்யாண் பெயரைப் பார்த்திருக்கலாம். பௌத்தத் துறவிகளுக்குக் குகையும் தண்ணீர்த் தொட்டியும் வெட்டிக் கொடுத்தவர்களில் கல்யாண் பொற்கொல்லரும் உண்டு, கொல்லரும் உண்டு, வணிகரும் உண்டு.

வெளிநாட்டுக்காரர் குறிப்பு என்று பார்த்தால் முதலாம் நூற்றாண்டின் பெரிப்ளூஸ். எழுதியவர் கிரேக்க மாலுமியோ வியாபாரியோ, பெயர் கிடையாது. மூத்த சரகனஸ் காலத்தில் கல்லியேனா முறையான சந்தைத் துறையாக இருந்தது, சந்தனேஸ் கைக்கு வந்த பிறகு வியாபாரம் தடைபட்டது, தப்பித்தவறி அங்கே ஒதுங்குகிற கிரேக்கக் கப்பலைக் காவலோடு பரூச்சுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். சரகனஸ் என்பது சாதகர்ணி. குஜராத் பக்கத்துச் சகர்களுக்கும் சாதவாகனர்களுக்கும் நடந்த போட்டியில் அடிபட்டது நம்ம ஊர். அரசன் மாறினால் முதலில் அடிபடுவது துறைமுகம், அடுத்தது அதை நம்பிக் கடை போட்டவன்.

பிஷப் கதைக்கு வருவோம். கி.பி. 550 வாக்கில் அலெக்ஸாந்திரியாவில் காஸ்மாஸ் என்று ஒருவர். வியாபாரியாக இருந்து துறவியானவர். 'இந்தியாவுக்குக் கப்பலோடியவர்' என்று பின்னால் பட்டம் கட்டிவிட்டார்கள். உலகம் உருண்டை இல்லை, பெட்டி மாதிரி இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது அத்தனையும் தப்பு. ஆனால் சரக்கு விஷயத்தில் வியாபாரி புத்தி அவரை விட்டுப் போகவில்லை. எந்தத் துறையில் எது கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறார். மிளகு விளைகிற மாலே, அதாவது மலையாளக் கரையில் கிறித்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் பாரசீகக் கிறித்தவர்களின் கோயிலும், பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட குருவும் உண்டு. கல்லியானா என்ற ஊரிலோ பாரசீகத்தில் நியமனம் பெற்ற ஒரு பிஷப்பே இருக்கிறார் என்கிறார்.

இதைக் கேள்விப்பட்டு எழுதியிருப்பார் என்று தள்ளிவிட முடியாது. பாரசீகத் திருச்சபைக்கு 540 முதல் 552 வரை தலைவராக இருந்த மார் ஆபா, அதற்கு முன்னால் அலெக்ஸாந்திரியாவுக்கு வந்தவர். பாத்ரிகியோஸ் என்ற பெயரில் காஸ்மாஸ் தம் ஆசானாகக் குறிப்பிடுவது அவரைத்தான். பிஷப்பை அனுப்புகிற இடத்துத் தலைவரையே தெரிந்தவர் எழுதிய செய்தி அது.

கல்லியானா நம்ம கல்யாண்தானா? இல்லை, உடுப்பிக்குப் பக்கத்துக் கல்யாண்பூர் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. காஸ்மாஸ் துறைகளைச் சொல்கிற வரிசை சிந்து, ஒரோதா, கல்லியானா, சிபோர், அப்புறம்தான் மாலேயின் ஐந்து துறைகள். சிபோர் என்பது அலிபாக் பக்கத்துச் சௌல் என்று பெரும்பாலோர் ஒப்புகிறார்கள். வடக்கேயிருந்து தெற்கே வருகிறவன் சௌலுக்கு முன்னால் சொல்கிற ஊர் உடுப்பிக்குப் பக்கத்தில் எப்படி இருக்கும்? கல்லியானாவின் சரக்கு செம்பு, கருங்காலி போன்ற மரக்கட்டைகள், துணி என்று வேறு எழுதுகிறார். பாத்திரக்காரனான எனக்குச் செம்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் கொஞ்சம் பட்சபாதம் வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஒரு துறைமுகத்துக்குப் பிஷப் எதற்கு? இங்கே வந்து குடியேறிய நமக்கு இதைச் சொல்லி விளக்கணுமா என்ன. கல்யாணம் நடத்த ஆள் வேணும், செத்தால் எடுத்துப் போட முறை வேணும், பாகம் பிரிக்கிறதில் தகராறு வந்தால் தீர்த்துவைக்கப் பெரியவர் ஒருத்தர் வேணும். பருவக்காற்றில் வந்த பாரசீக வணிகன் திரும்பிப் போக மாதக்கணக்கில் காத்திருப்பான், சிலபேர் இங்கேயே தங்கிவிடுவார்கள். ஊரிலிருந்தே ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள், அவர்களும் அனுப்பினார்கள். கிளைக்கடைக்கு மேனேஜர் வருகிற மாதிரிதான்.

அதிலேயே ஆபத்தும் இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் நடுவில் பாரசீகப் பேரரசு அரபியர் கையில் விழுந்தது. அந்தச் சமயத்தில் திருச்சபைத் தலைவராக இருந்த மூன்றாம் ஈசோயாப் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. வளைகுடாக் கரையின் ரேவ் அர்தசீர் நகரத்துப் பேராயர் சீமோனுக்கு எழுதும்போது, நீங்கள் தலைமைக்கு அடங்காமல் போனதால் இந்தியாவுக்கும் பிஷப் இல்லாமல் போயிற்று என்று கடிந்துகொள்கிறார். தலைமைச் செயலகத்துக்கும் நடுவில் இருக்கிற கிளைக்கும் சண்டை. கடைசிக் கிளை இங்கே பட்டினி.

கொல்லத்தில் இந்தக் கதை வேறு மாதிரி போனது. அங்கே 849-இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், சேர மன்னர் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளிக்குச் செப்பேடு கொடுத்தார். தரிசா என்பது கிறித்தவனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. மலையாளிகள் பழைய மலையாளம் என்பார்கள், நமக்குப் படித்தால் புரிகிற தமிழ். சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. பள்ளிக்கு நிலம் கொடுத்தார்கள், உழைக்கிற குடிகளைக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஊரின் நிறைகோலையும் அளவையையும் பள்ளியின் பொறுப்பில் விட்டார்கள். தராசு யார் கையில் இருக்கிறதோ அவனை ஊரைவிட்டுத் துரத்த முடியாது. பாரசீகத்திலிருந்து ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சபை நின்றது. பின்னால் 1329-இல் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜான், ஜோர்தானுஸ் என்ற துறவியைப் பிஷப்பாக நியமித்ததும் கொல்லத்துக்குத்தான்.

கல்யாணில் அப்படி ஒரு செப்பேடு அகப்படவில்லை. எங்கள் தமிழ்ச் சமணரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரம் காட்டுகிற புகார் நகரத்துச் சமணர் இன்று அங்கே இல்லை. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்தில் ஏர் பிடித்தவர்கள் இருக்கிறோம், மேல்சித்தாமூர் மடமும் இருக்கிறது. கல்யாண் கிறித்தவருக்கு ஏர் பிடிக்க நிலம் இருந்ததா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

கடைசியாக ஒரு தடயம் கிடைப்பது பக்கத்துத் தாணேயில். 1321-இல் தோமாஸ் என்ற இத்தாலியத் துறவியும் கூட மூன்று பேரும் அங்கே வந்தார்கள், ஜோர்தானுஸும் உடன் வந்தார். அவர்கள் தங்கியது ஒரு நெஸ்தோரியக் கிறித்தவர் வீட்டில். நெஸ்தோரியர் என்று ஐரோப்பியர் சொன்னது இந்தப் பாரசீகச் சபையாரைத்தான். ஜோர்தானுஸ் வெளியூர் போயிருந்த நேரம், ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போன இடத்தில் சமய வாதம் மூண்டு நான்கு பேரும் கொல்லப்பட்டார்கள். உடல்களை ஜோர்தானுஸ் சோபாராவில் அடக்கம் செய்தார். பின்னால் வந்த ஓதோரிக் என்ற துறவி எலும்புகளை எடுத்துக்கொண்டு சீனா போனார். நமக்கு வேண்டிய செய்தி அந்த வீடுதான். காஸ்மாஸுக்கு எழுநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் இந்தக் கழிமுகத்தில் அந்தச் சபையைச் சேர்ந்த குடும்பம் குடியிருந்திருக்கிறது, பிஷப் இல்லாமலே.

வசாயிலும் தாணேயிலும் இன்றிருக்கிற பழைய கிறித்தவர்கள் பெரும்பாலும் போர்த்துகீசியர் வந்த பிறகு மதம் மாறியவர்களின் சந்ததி. அது வேறு கதை.

1988-இல் கேரளத்து சீரோ மலபார் சபை, மும்பைப் பக்கம் பிழைக்க வந்த தன் மக்களுக்காகக் கல்யாண் பெயரில் ஒரு மறைமாவட்டம் அமைத்தது. அதே கிழக்குச் சிரிய வழிபாட்டு மரபுதான், இந்தத் தடவை பிஷப் வந்தது தெற்கேயிருந்து. அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் எனக்கு வாடிக்கையாளர். காஸ்மாஸ் எழுதியதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். பில் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த வருஷத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லி வாங்கின குக்கர் பெட்டியின் மேல் எழுதிக்கொண்டு போனார்.