மறைந்த கோப்புகளை மீட்டல்: களஆய்வாளருக்கான கட்டளைவரி முறை

முன்னுரை

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு விழாவைப் பதிவுசெய்யும் ஆய்வாளருக்கு அவ்வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறையே கிட்டும். அப்பதிவுகள் அடங்கிய பென்டிரைவைப் பிறர் கணினியில் செருகியபின் கோப்புறைகள் மறைந்து, குறுக்குவழிகள் மட்டும் தெரிவதுண்டு. தரவு அழிந்ததாகக் கருதி அதனை ஃபார்மட் செய்தால் மீட்கக்கூடியதும் இழப்பாகிவிடும்.

பண்புகளின் இயல்பு

ஃபாட்32 முறையில் ஒவ்வொரு கோப்பிற்கும் 32 பைட் அளவுள்ள அடைவுப் பதிவு உண்டு. அதில் 1 பைட் கோப்பின் பண்புகளைக் குறிக்கும். வாசிப்பு மட்டும், மறைவு, முறைமை, காப்பகம் ஆகியன அதிலுள்ள தனித்தனி பிட்டுகள். சில வைரஸ்கள் கோப்புறைகளுக்கு மறைவு, முறைமை ஆகிய இரண்டையும் இட்டுவிடுகின்றன. கோப்புகளின் உள்ளடக்கம் மாறுவதில்லை.

மீட்கும் முறை

முதலில் வைரஸை நீக்குதல் வேண்டும். இல்லையேல் பண்புகள் மீண்டும் மாறும். பின்னர் விண்டோஸ் கட்டளைவரியில் பின்வருவதை ஆங்கில எழுத்துகளில் இடுதல் வேண்டும். பென்டிரைவின் எழுத்து ‘ஜி’ எனக் கொள்க.

அட்ரிப் -எஸ் -ஹெச் ஜி:\* /எஸ் /டி

கழித்தல் குறி பண்பை நீக்கும். முறைமைப் பண்பு இருக்கையில் மறைவை மட்டும் நீக்க இயலாது. ஆதலால் இரண்டும் ஒருசேர இடப்படுகின்றன. ‘/எஸ்’ உட்கோப்புறைகளில் உள்ளவற்றையும், ‘/டி’ கோப்புறைகளையும் உள்ளடக்கும்.

முடிவுரை

‘+ஆர்’ இட்டால் மூலப்பதிவு வாசிப்பு மட்டும் என்னும் நிலையை அடைந்து, தவறுதலான திருத்தத்தினின்று காக்கப்படும். ஆயினும் அதே கட்டளையால் எவரும் அதனை நீக்கலாம். ஃபார்மட் செய்வதையும் அது தடுக்காது. ஆகவே பண்பு மாற்றம் காப்பு நகலுக்கு ஈடாகாது.