ஏரிக்கரையும் நண்டு வளையும்



எங்கள் பாகூர் ஏரியில் மதகை இறக்கிவிட்டால் தண்ணீர் நின்றுவிடும் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். "மதகு மூடினா போதுமாடா? கரையில நண்டு வளை ஒண்ணு இருந்தா போச்சு" என்பார் அப்பா. வயல் வேலைக்குப் போகும் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் 'டி.என்.எஸ். சுரங்கம்' எனக்குப் புரிந்தது அந்தப் பேச்சால்தான்.

டி.என்.எஸ். என்றால் என்ன? நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். கம்ப்யூட்டருக்கோ எண் முகவரி வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் இந்த முறையை 1983-ல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். நம் கம்ப்யூட்டர் முதலில் உள்ளூர் டி.என்.எஸ். சர்வரைக் கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால், அந்தப் பெயருக்குப் பொறுப்பான சர்வர் எங்கே இருந்தாலும் தேடிப்போய்க் கேட்டு வரும்.

வளை இங்கேதான் இருக்கிறது. ஃபயர்வால் எல்லா மதகையும் மூடினாலும், முகவரி கேட்பதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் சொந்த டொமைன் வாங்கி, அதன் கிளைப்பெயர் ஒன்றுக்குத் தன் சர்வரையே பொறுப்பாக்கி என்.எஸ். பதிவு போடுகிறார். பிறகு, அனுப்ப வேண்டிய செய்தியை எழுத்தும் எண்ணுமாக மாற்றி, அதையே ஒரு பெயர்போல முன்னால் ஒட்டிக் கேட்கிறார். உள்ளூர் சர்வர், பாவம், முகவரிதானே என்று நம்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். டி.எக்ஸ்.டி. போன்ற பதிவுகளில் பதில் திரும்பி வரும். புள்ளிக்குப் புள்ளி 63 எழுத்து, மொத்தப் பெயர் 255 பைட் என்பது வரம்பு. ஆகவே ஒரு கேள்வியில் ஏறக்குறைய 150 பைட்தான் போகும். ஆமை வேகம்தான்!

ஆசிரியர் அனுமதியோடு, வெளி இணைப்பு இல்லாத மூன்று கம்ப்யூட்டரில் 'அயோடின்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, நடுவில் டி.என்.எஸ். சர்வர். நேர்வழியை அடைத்தும் செய்தி போய்ச் சேர்ந்தது! துள்ளிக் குதித்தேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் வயர்ஷார்க்கைத் திறந்து காட்டினார். அர்த்தமில்லாத நீளப் பெயர்கள், ஒரே டொமைனுக்கு, வரிவரியாக. ஒளிந்துகொண்டதாக நினைத்த நான் பட்டப்பகலில் நின்றிருந்தேன்.

"நம்ம லேப் நெட்டுலயும் போட்டுக் குடுடா" என்றார் ஒரு சீனியர். "வேணாம்ணா" என்றேன். அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 66-ம் பிரிவில் மூன்றாண்டுவரை சிறை உண்டு. எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் காரணமில்லை. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் தாக்குதலில், சிக்கிய நிறுவனங்களின் பெயர்களே இப்படி டி.என்.எஸ். கேள்விகளுக்குள் ஒளிந்து வெளியே போயின. அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டாமா?

மழைக்காலத்தில் ஏரிக்கரையில் நடந்து வளை தேடுகிறவருக்கு, நண்டு எப்படித் தோண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நண்பர்களே, நாமும் தெரிந்துகொள்வோம். தோண்டுவதற்கு அல்ல, கரையைக் காப்பதற்கு!